மத்தியான அட்டெண்டன்ஸ்

பந்தல்காரனுக்கு விழா நடக்கும் நேரத்தில் வேலை இல்லை. கட்டியாயிற்று என்றால் அவிழ்க்கும்வரை சும்மா கிடக்க வேண்டியதுதான். குடுமியான்மலைப் பக்கம், நான் எட்டாவது பாதிவரை படித்த பள்ளிக்கூட மைதானத்தில், பொங்கல் கலைவிழாவுக்குப் பந்தல் போட்டுவிட்டு அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். வண்டி கிளம்பிய பிறகுதான் சொன்னார்.

கவுன்சிலரின் கார் வந்தது. இறங்கியவன் என்னைப் பார்த்து நின்றான்.

"டேய், நீயா? போர்வெல் வண்டியில போயி செத்துட்டேன்னு சொன்னாங்க!"

"இல்ல, இருக்கேன்."

"அந்தத் தாடிய எடுறா. சாமியாருன்னு நெனச்சு எவனாவது கால்ல விழுந்துறப் போறான்."

தோளில் கைபோட்டுக்கொண்டு, கூட வந்தவர்களிடம், "நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு" என்றான். அந்த பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மேடையில் பொன்னாடை போர்த்த ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் முறை வந்ததும் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கி, "உள்ளேன் ஐயா!" என்றான். கூட்டம் சிரித்தது. ஸ்பீக்கர் கட்டியிருந்த கம்பத்தில்தான் நான் சாய்ந்திருந்தேன். முதுகெலும்புக்குள் அந்தச் சத்தம் இறங்கியது. சொன்ன பிறகுதான் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் பார்த்தான்.

எட்டாவது படித்தபோது, சத்துணவில் முட்டை போட்ட ஒரு நாள். மூன்றாமவன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "குவாரிப் பள்ளத்துல ஒரு முங்கு போட்டுட்டு வந்துர்றேன். வாத்தியார் கூப்ட்டா சொல்லிரு" என்று போனான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எங்களுக்குப் பழக்கம். வாத்தியார் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். அவன் பெயர் வந்தபோது குரலை மெலிசாக்கி, "உள்ளேன் ஐயா" என்றேன். இன்றைய கவுன்சிலர்தான் அன்றைக்கு வகுப்பு லீடர். தலைகளை எண்ணிக் கரும்பலகையின் மூலையில் பதிவு, வருகை என்று எழுதுவது அவன் வேலை. குளிக்கப் போனவனையும் சேர்த்தே எழுதினான்.

மறுநாள் காலையில் மூன்றாமவன் பள்ளத்தில் மிதந்தான். போலீஸ்காரர் பதிவேட்டைப் பார்த்தார். மத்தியானம் வருகை என்று இருந்தது. ஆகவே மணியடிக்கும்வரை அவன் உயிரோடு வகுப்பில் இருந்தான் என்று ஊரே நம்பியது. முதலில் அடிக்குப் பயந்து பேசாமல் இருந்தோம். பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவனுடைய அம்மாவின் கணக்கு வேறு மாதிரிப் போனது. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் கொழுந்தன் சைக்கிளோடு நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். தன் மகளைக் கூட்டிப்போக வந்தவர் அவர். வரப்புத் தகராறு வேறு இருந்தது. கொழுந்தன்தான் கூட்டிப்போய்த் தள்ளினான் என்று அந்த அம்மா முடிவுகட்டிவிட்டார். போலீஸ் அவரை விட்டது, அந்த அம்மா விடவில்லை.

மாதம் முடிவதற்குள் நான் ஆழ்குழாய்க் கிணறு போடும் ஒரு போர்வெல் வண்டியில் ஏறிவிட்டேன். ஆந்திரா, சோலாப்பூர், பிறகு எங்கெங்கோ. எந்த வேலையிடத்திலும் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். நான் கையைத்தான் தூக்குவேன். வாயைத் திறந்ததில்லை.

பொன்னாடை முடிந்து கவுன்சிலர் இறங்கியபோது மேடைப் படியருகே அந்த அம்மா நின்றார். கையில் மனு. தலை முழுக்க நரைத்திருந்தது, நிற்கும் விதம் மாறவில்லை.

"வாங்க ஆத்தா" என்று வாங்கிக்கொண்டான். "ஒங்க கொழுந்தன் ஆலங்குடியில மக வீட்ல படுக்கையா கெடக்காராம். நாள் கணக்குத்தானாம். ஒங்கள ஒரு தடவ பாக்கணும்னு ஆள் விட்டாராம்ல?"

"எம்புள்ளயக் கூட்டிட்டுப் போனவன் மூஞ்சில நான் எதுக்கு முழிக்கணும்? நீ மனுவப் பாரு."

அவர் நகர்ந்ததும் அவனைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"சொல்லிருவோம்டா."

"எதுக்கு இப்ப? நீ பந்தல அவுத்துட்டுப் போயிருவ. நான் இங்கிட்டுத்தான இருக்கணும்." மனுவை நான்காக மடித்தான். "ஆத்தா குடுத்த மனு ஒண்ணயும் நான் கிழிச்சதில்ல. எல்லாம் பீரோவுல இருக்கு" என்றான். அதற்குமேல் அவனால் முடியாது என்று தெரிந்தது. மைக்கில் கூப்பிட்டார்கள், போனான்.

அந்த அம்மா கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, யார் என்று சொன்னேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கரும்பலகையில் கணக்கு எழுதியவன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "எப்பிடிச் சொன்ன? சொல்லிக் காட்டு" என்றார்.

"வேணாம் ஆத்தா."

"சொல்லுப்பா."

குரலை மெலிசாக்கிச் சொன்னேன். நரைத்த தாடியிலிருந்து அந்தச் சிறு குரல் வந்தது. முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலையை ஆட்டினார். "அவனுக்கு அப்பத்தான் கொரல் ஒடைய ஆரம்பிச்சுச்சு. நீ சொன்னது பழைய கொரலு. நான் அங்கிட்டு நின்னுருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்."

கொஞ்சம் கழித்து, "சாப்புட்டானா?" என்றார்.

"சாப்புட்டான் ஆத்தா. முட்டை போட்ட நாளு."

திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு. அந்தப் பக்கம் திரும்பாமல் ரோட்டுக்குப் போய் நின்றார். புதுக்கோட்டை பஸ் வந்தது. அங்கே போய்த்தான் ஆலங்குடிக்கு மாற வேண்டும். ஏறினார்.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவன் பஸ்ஸைப் பார்த்தான். நடு வாக்கியத்தில் நின்றுவிட்டான். ஸ்பீக்கரில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு எதையோ சொல்லி முடித்தான்.

வெயில் சாய்வதற்குள் பந்தலை அவிழ்த்து லோடு ஏற்றிவிட்டோம். ஆள் எல்லாம் ஏறியாயிற்றா என்று முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயர் வந்தபோது கையைத் தூக்கினேன்.