வரவேற்பு மேடையில் ரோமாபுரி

அக்காவின் கல்யாணத்துக்கு மேடை போடும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பியான அவருக்குக் கடலூர் முதுநகரில் மேடை அலங்காரத் தொழில். ஜோடி மயில், பலூன் வளைவு, அன்னப்பறவை என்று எல்லாம் அவரிடம் தயாராக இருந்தன. அக்கா எதையும் ஏற்கவில்லை. தனக்கு ரோமாபுரிதான் வேண்டும் என்றாள்.

அவள் சிதம்பரத்துக்கு ரயிலில் போய்வந்து வரலாற்றில் எம்.ஏ. முடித்தவள். மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கு, அவள் சொல்லும் கதைகளால் எங்கள் தெருவைவிட ரோம் நகரத் தெருக்கள்தான் அதிகம் தெரியும். அங்கே ஊரார் பொதுக் குளியல் மண்டபங்களில் கூடி, வெந்நீரில் உட்கார்ந்தபடியே ஊர்க்கதை பேசினார்கள். ஏழைகள் மாடிமேல் மாடியாக எழுப்பிய வாடகை வீடுகளின் உச்சியில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். நெரிசல் தாங்காமல் பகலில் பார வண்டிகளை நகருக்குள் விடாமல் தடுத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் கேட்கும் அப்பா, அந்தச் சட்டம் நம் பேருந்து நிலையத்துக்கும் வந்தால் தேவலை என்பார்.

மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய அக்காவுக்கு இடம் கிடைத்த சமயத்தில்தான் பெண்ணாடத்திலிருந்து வரன் வந்தது. கரும்பு விவசாயக் குடும்பம். மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்திலேயே வங்கி வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் படிக்கலாமா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, மாப்பிள்ளையின் அப்பா, பார்க்கலாம் என்றார். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

அக்கா படம் வரைந்து கொடுக்க, மாமா தெர்மாகோலில் தூண்கள் செய்தார். தூண் வரிசை, அதற்கு முன்னால் படிக்கட்டு, அதற்கும் முன்னால் முழங்காலளவு உயரத்தில் பலகையால் ஒரு தனித் திண்டு. அந்தத் திண்டு எதற்கு என்று மாமா கேட்டார். ரோம் நகரச் சதுக்கத்தில் ஊர் மக்களிடம் பேச வேண்டியவர்கள் ஏறி நிற்கும் இடம் என்றாள். கச்சேரிக்காரர் நின்று பாட வசதியாக இருக்கும் என்று மாமாவும் ஒப்புக்கொண்டார்.

முகூர்த்தம் காலை நேரத்தில். முந்தின நாள் மாலை, மஞ்சக்குப்பத்து மண்டபத்தில் வரவேற்பு. மாப்பிள்ளையின் அப்பா மேடையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, கோர்ட்டு மாதிரி கட்டி வச்சிருக்காங்க?" என்றார்.

"கோர்ட்டும் இங்கதான் மாமா நடக்கும். ஊரே இங்கதான் கூடும்," என்றாள் அக்கா. அவள் மரியாதையாகப் பதில் சொன்னதில் அவருக்குத் திருப்தி.

விருந்தினர் நிறைந்திருந்த நேரத்தில், யாரோ பெரிய மின்விசிறியை மேடைப் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். ஒரு தூண் ஆடி, சாய்ந்து, புகைப்படக்காரரின் தலையில் விழுந்தது. அவர் அதை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்தார். மண்டபமே சிரித்தது. பாட்டு நின்றுபோனது.

அந்த நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து திண்டில் ஏறினாள். பாடகரிடம் மைக்கை வாங்கினாள். வந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தாள்.

"மாமா, நான் ஆராய்ச்சி படிக்கலாமான்னு அப்பா கேட்டதுக்குப் பாக்கலாம்னு சொன்னீங்க. இப்ப எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. போயிட்டு வாம்மான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா எழுந்தார், உட்கார்ந்தார். யாரோ இன்னொரு மைக்கை மாப்பிள்ளையின் அப்பா கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அவருடைய உறவு, எங்கள் உறவு, இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அப்போது மாப்பிள்ளை இறங்கிவந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். "சொல்லுங்கப்பா," என்றார். அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"படிக்கட்டும். யாரு வேணாம்னாங்க?" என்றார் அப்பாக்காரர்.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது.

அக்கா படித்தாள். நடுவில் இரண்டு குழந்தைகள் பிறந்ததில் வருடங்கள் கூடின, அவ்வளவுதான். இப்போது அவளுடைய மாமனார், மருமகளைப் படிக்க வைத்ததே தான்தான் என்று பெண்ணாடம் முழுக்கச் சொல்லிவருகிறார். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய மருமகளை டாக்டர் என்று அவர் சொல்வதை நம்பி, காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களும் உண்டு.

எனக்கோ அன்றைக்கு நடந்த பெரிய சம்பவம் தூண் விழுந்ததுதான். அக்கா பேசியதை, அவள் வழக்கமாகச் சொல்லும் ரோம் கதையின் ஏதோ ஒரு பகுதி என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டு முடித்ததற்கும் அவர் வாய் திறந்ததற்கும் நடுவே, என் விரல்களை அவள் நசுங்கும்படி பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. பாவம், கனத்த பட்டுப் புடவையில் வேர்க்கிறது போலிருக்கிறது என்று எண்ணி, இன்னொரு கையிலிருந்த தாம்பூலப் பையால் அவளுக்கு விசிறிக்கொண்டு நின்றேன்.