வாசலில் நின்ற மஸ்தான் பீவி

ராசிபுரம் பேருந்து நிலையம் அருகே வளையல் கடை வைத்திருக்கும் மஸ்தான் பீவிக்கு நடுக்குவாதம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கை நடுங்கும்போது கையிலிருக்கும் வளையல்கள் குலுங்கும். “கூவி விக்க வேண்டியதில்லீங்க, சத்தம் கேட்டே ஆளு வருது” என்று சிரிப்பார்.

சேலத்து டாக்டர் ஒருநாள் உள்ளதைச் சொன்னார். மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும். நோய் முற்றாமல் தடுக்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

“அப்பக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க” என்றார் பீவி.

“அதுக்கு அரசாங்கம் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கணும்மா.”

மறுவாரமே பீவி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். அதே நோயுள்ள முன்னாள் லாரி ஓட்டுநர் காளியப்பன் துணைக்கு வந்தார்.

எம்.எல்.ஏ. ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அறை வாசலில் பீவி அப்படியே நின்றுவிட்டார். குறுகலான வாசலைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்; இந்த நோய் அப்படி. உள்ளே இருந்த யாராலும் வெளியே வர முடியவில்லை.

“கொஞ்சம் வழி விடுங்கம்மா” என்றார் எம்.எல்.ஏ.

“நான் மறிக்கலீங்க சாமி, காலு நகர மாட்டேங்குது. நிக்கிற நேரத்துல வந்த சேதியச் சொல்லிப்போடறேனுங்க.”

அவர் சிரித்துவிட்டார். “உதவித்தொகை வேணுங்களா?”

“எனக்கு வேண்டாங்க. இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப் பணம் ஒதுக்கோணும். சட்டசபையில நீங்க கேக்கோணும்.”

ரோடும் தண்ணீரும் கேட்பவர்களையே பார்த்துப் பழகியவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தாண்ட ஒரு கோடு தெரிந்தால் கால் நகர்ந்துவிடும் என்று காளியப்பனுக்குத் தெரியும். கைத்தடியைப் பீவியின் காலுக்கு முன்னால் குறுக்கே வைக்கக் குனிந்தார்.

“இருங்க தம்பி, இன்னும் பேசி முடிக்கல” என்றார் பீவி. அறையே சிரித்தது. சட்டசபையில் கேட்பதாக எம்.எல்.ஏ. வாக்குக் கொடுத்த பிறகுதான் பீவி தடியைத் தாண்டினார்.

எம்.எல்.ஏ. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சுகாதாரத் துறை விவாதத்தில் எழுந்து, தன்னை வெளியே விடாத அம்மாவைப் பற்றிப் பேசி நிதி கேட்டார். பரிசீலிப்பதாக அமைச்சர் பதில் சொன்னார்.

“பரிசீலிக்கறாங்களாமா! அவ்வளவுதானுங்க அக்கா” என்று காளியப்பன் உதட்டைப் பிதுக்கினார்.

ஆனால் போன மாதம் பீவிக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஆராய்ச்சித் திட்டம் பற்றி அதிகாரிகள் நோயாளிகளிடமும் கருத்துக் கேட்கிறார்களாம். நிதி இன்னும் ஒதுக்கப்படவில்லை. பீவி கவலைப்படவில்லை, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “வியாழக்கிழமை கடை லீவுங்க, அரசாங்கம் கூப்பிட்டிருக்குது” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.