கோலமில்லாத வாசல்

கறுப்பு வெள்ளையில் எடுத்த புதுக் குற்றப்படம் ஒன்றை, திருச்சியில் மதியக் காட்சியில் பார்த்தேன். பழைய பாணிக்கு மரியாதையாம். படம் முழுக்க மழை, சிகரெட் புகை. கொலைகாரன் அறைக்கு வந்து, இருக்கிற ஒரே தட்டில் சாப்பிட்டு, அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். பின்வரிசையில் ஒருவர், "பாவம், இப்படி இருந்தா கொலை பண்ணாம என்ன பண்ணுவான்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன், எறும்பைக்கூட நசுக்கியதில்லை.

மனைவி இறந்தபின் ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். துக்க வீடென்று அன்று நிறுத்திய வாசல் கோலத்தை யாரும் மறுபடி போடவில்லை. எனக்குப் போடத் தெரியாது. ஆள் வைக்கவும் தோன்றவில்லை. எதிர்வீட்டுக்காரரும் தனிக்கட்டைதான். ஆனால் வேலைக்காரம்மா போடும் கோலம் அவர் வாசலில் தினமும் பளிச்சென்றிருக்கும். மணப்பாறை போய்வந்தால் வீட்டுக்கு வீடு முறுக்குக் கொடுப்பார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் போலீஸ் வந்தது. பூட்டிய வீடுகளில் நகை திருடும் ஆள் இந்தக் கட்டடத்தில் இருப்பதாகத் தகவல். தனியாள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. கீழ்வீட்டு அம்மாள் யோசிக்கவேயில்லை. "மேல ஒருத்தர் இருக்காருங்க. யார்கிட்டயும் பேச மாட்டாரு. வாசல்ல கோலம்கூடக் கிடையாது." எதிர்வீட்டுக்காரரும் தனியாள் என்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

போலீஸ்காரர் என் பீரோவைத் திறந்து பார்த்தார். மனைவியின் புடவைகள்தான் இருந்தன. "உங்களைத் தெரிஞ்சவங்க இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். மாடிப்படியெங்கும் முகங்கள். அத்தனை பேரும் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் நின்றார்கள்.

எதிர்வீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார். "எனக்குத் தெரியும் சார். இவர் சம்சாரம் படுத்திருந்தப்ப புத்தூர் ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்தவரு. இவரைப் போய் சந்தேகப்படாதீங்க." போலீஸ் போய்விட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சில நாளில் அவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். நகையெல்லாம் அவர் கட்டிலுக்கடியில் இருந்தது. கீழ்வீட்டு அம்மாள், "அவரா? நம்பவே முடியலையே" என்று மாய்ந்து மாய்ந்து சொன்னார். என் விஷயத்தில் அப்படி ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் அன்று ராத்திரி நான் மறுபடி அழுதது அதற்கில்லை. இந்த ஊரில் என்னைத் தெரியும் என்று சொன்ன ஒரே ஆளும் போய்விட்டார்.