பிரசவச் சக்கரம்

தொண்ணூறுகளில் நான் அட்டைச் சக்கரங்கள் சேர்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வட்ட அட்டைகளை நடுவில் கோத்திருப்பார்கள். மேல் அட்டையைத் திருப்பினால் விடை வந்து நிற்கும். மில்லில் நூல் கணக்குக்கு ஒன்று கிடைத்தது. பல்லடம் கோழிப்பண்ணையில் தடுப்பூசி நாளுக்கு ஒன்று. மருந்துக் கம்பெனி டாக்டருக்குக் கொடுத்த பிரசவச் சக்கரத்தைக் கம்பவுண்டரிடம் கேட்டபோது, "கல்யாணமே ஆகலையே, உங்களுக்கு எதுக்குங்க?" என்று ஏற இறங்கப் பார்த்தார்.

பெண் கடைசியாக வீட்டுக்குத் தூரமான தேதியில் அம்புக்குறியை வைத்தால், இன்னொரு குறி குழந்தை பிறக்கும் தேதியைக் காட்டும். வீட்டில் திருப்பிக் காட்டினேன். "கருமம், உள்ள கொண்டுபோயி வை" என்றாள் அம்மா.

எல்லாச் சக்கரங்களையும் ஜனவரி ஒன்றில் நிறுத்தித்தான் பெட்டியில் வைப்பேன். ஒருநாள் திறந்தால், பிரசவச் சக்கரம் மட்டும் ஜூனில் நிற்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மேல்தான் சந்தேகம்.

"உன்ற குப்பைய எவன்டா தொடுவான்?" என்று எகிறினான். அம்மா தனக்குத் தெரியாது என்றாள். பக்கத்தில் நின்ற அண்ணி நிமிரவேயில்லை.

மத்தியானம் அம்மா பப்பாளி நறுக்கி வைத்தாள். பப்பாளி என்றால் உயிரை விடும் அண்ணி, "எனக்கு வேண்டாங்கத்தே" என்று தட்டைத் தள்ளினாள். அம்மா அவளை உற்றுப் பார்த்தாள்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். ஆள் பிடிபடட்டும் என்று நான் ஜூனிலேயே விட்டுவைத்திருந்த அம்புக்குறி நாலைந்து நாள் தள்ளி நின்றது. அண்ணி தூரமாகும் தேதியெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். மருமகள் போட்ட கணக்கை அவள் நம்பவில்லை.