சுங்குவார்சத்திரத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு படம்

என் தங்கை எடிட் செய்த முதல் படம் போன வெள்ளிக்கிழமை வெளியானது. அதே நாளில் பெரிய நடிகரின் படமும் வந்ததால் சென்னையில் எங்களுக்குத் திரையே கிடைக்கவில்லை. கிடைத்தது சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரே தியேட்டர், அதுவும் காலை பத்தரைக் காட்சி மட்டும்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குப் பூந்தமல்லியில் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நாற்பது ரூபாய். பென்னலூர் தாண்டும்வரை கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒன்பதரைக்கு இறங்கினேன். ஸ்டாப்புக்கு எதிர்க் கடையில் பொங்கல் சுமார், வடை பிரமாதம்.

தியேட்டரில் ஈ காக்கை இல்லை. கவுன்ட்டரில் மேனேஜர் மட்டும் இருந்தார்.

"பத்து பேராவது வரணும் சார். இல்லாங்காட்டி ஷோ கேன்சல்."

"பத்து டிக்கெட்டையும் நானே வாங்கிக்கிறேன்."

"ஒரு ஆளுக்கு ஏசி ஓட்னா ஓனரு என்னைத்தான் கேப்பாரு. படம் சர்வர்ல ரெடியாதான் கீது. அத்த தெறக்கிற கீ இன்னிக்கு வரைக்கும்தான் குடுத்துகிறாங்க. இன்னிக்கு ஓடலேன்னா இந்த ஷோவும் பெரிய படத்துக்குப் பூடும்."

எந்தப் படம் ஓட வேண்டும் என்பதை படம் பார்க்கிற நாம்தான் முடிவு செய்கிறோம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். சாவி ஏதோ ஒரு விநியோக அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டு வருடம் அவள் கண் விழித்த வேலை என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

பத்து இருபதுக்கு இரண்டு ஷேர் ஆட்டோக்களில் பதினோரு பெண்கள் வந்து இறங்கினார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. முன்னால் வந்தவர் முத்துலட்சுமி, தூத்துக்குடிப் பக்கம்.

"நைட் ஷிப்ட் முடிச்சு வாரோம்ண்ணே. ஹாஸ்டல்ல சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கட்டு. ஃபேன் இல்லாம எப்படி உறங்க? இங்க ஏசி போடுவாங்கல்லா?"

"என்ன படம்னு தெரியுமா?"

"எதுவா இருந்தா என்னண்ணே, சத்தம் கம்மியா இருந்தா சரி."

படம் ஓடியது. திரையில் தங்கை பெயர் வந்தபோது கைதட்டினேன், நான் மட்டும். பின்னாலிருந்து குறட்டைதான் வந்தது.

இடைவேளைக்குச் சற்று முன் கதாநாயகி ஹாஸ்டல் வார்டனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறக்கிறாள். அந்தச் சத்தத்தில் ஒவ்வொருவராக விழித்தார்கள். "அவ எதுக்குண்ணே ஸ்கூட்டரைத் தூக்கிட்டுப் போறா?" என்று முத்துலட்சுமி கேட்க, டீ குடித்தபடி முதல் பாதியை நானே சொன்னேன். இரண்டாம் பாதியில் யாரும் தூங்கவில்லை. ஓரிடத்தில் விசில்கூட வந்தது.

முடிந்ததும் எல்லோரும் நேரே கவுன்ட்டருக்குப் போனார்கள்.

"நாளைக்கும் பதினோரு டிக்கெட்டு தாங்க. அந்த அண்ணன் சொன்னது ஒண்ணும் வெளங்கல. மொதப் பாதியப் பாக்கணும்."

"நாளிக்கு ஹாஸ்டல்ல கரண்ட் இருக்குமேம்மா," என்று சிரித்துக்கொண்டே மேனேஜர் விநியோக அலுவலகத்துக்குப் போன் போட்டார். இன்னொரு நாளுக்குக் கீ வந்தது.

சின்னப் படத்துக்காக இப்படிக் கிளம்புபவர்கள் முந்தின நாளே தியேட்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் பத்துப் பேராகப் போங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டரைக்குள் நின்றுவிட்டால் ஷிப்ட் கூட்டத்தில் மாட்ட மாட்டீர்கள்.

பஸ்ஸில் இருந்தே தங்கைக்குப் போன் செய்து, பதினோரு பேர் நாளைக்கு மறுபடியும் பார்க்க வருகிறார்கள் என்றேன். "பதினோரு பேரா?" என்று சந்தோஷத்தில் இரண்டு தடவை கேட்டாள். எதற்காக வருகிறார்கள் என்பதை இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.