பூமிக்கு வந்த பிரதர்

போன வாரம் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது பின்மேசையிலிருந்து என் குரல் கேட்டது. "பிரதர், நீங்க எந்தக் கிரகம்ங்கறது முக்கியமில்ல. டீ குடிப்பீங்களா, அதச் சொல்லுங்க." நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ட்ரெய்னிப் பையன்கள் நாலு பேர், தண்ணீர் ஜக்கில் ஒரு செல்போனைச் சாய்த்துவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போனின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னா படம்டா அது?"

"பழைய படம் சார். நம்ம ஒரகடத்துலயே எட்துகீறாங்க. கல்ட்டு சார்."

ஒருத்தரும் சீண்டாத படத்தைப் பத்து வருஷம் கழித்து நாலு பேர் பார்த்தால் அதற்குப் பெயர் கல்ட் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகம்கூட அந்தப் படத்தைவிட ஒழுங்காக இருக்கும். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பாதி வசனம் நான் எழுதியது. பையன்களிடம் அதைச் சொல்லவில்லை, டீ எடுக்கப் போய்விட்டேன்.

கேன்டீன் டீக்கு ஒரு வாசனை இருக்கிறது, கொதித்துக் கொதித்து அலுத்துப்போன வாசனை. அதற்காக ஒரு காலத்தில் கம்ப்ரஸர் ரூமுக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருக்கிறேன். எங்கள் சபையில் டீ கூடாது.

எங்கள் சபை அமெரிக்காவிலிருந்து வந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை. சித்திரை வெயிலில் அந்த டையைக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். டீ, காபி, பீடி, சாராயம் எல்லாம் ஒரே பாவக் கணக்கு. மாதம் ஒருமுறை இரண்டு பிரதர்கள் வீட்டுக்கு வந்து, சுகமா, ஜெபம் பண்ணுகிறீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டு, அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டுவார்கள். தண்டலத்தில் பிளைவுட் கடைக்கு மேல்மாடியில் அப்போது கூடிய முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேருக்குப் பொறுப்பு இருந்தது. மீதி இரண்டும் கைக்குழந்தைகள். நான் இரண்டாம் உதவிச் செயலாளர். முதலாம் உதவிச் செயலாளரை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் பத்து மணிக்கு லைன் நிற்கும். மொத்தப் பட்டறையும் டீக்கு ஓடும். சபைக்காரர்களான நானும் ஜெபசிங்கும் ஆளுக்கொரு டம்ளர் வெந்நீரை வைத்துக்கொண்டு நிற்போம். ஜெபசிங் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், கான்ட்ராக்ட்டில் வந்தவன், இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேர் தங்கும் அறையில் இருந்தான். இந்த ஊரில் அவனை 'சாப்ட்டியா' என்று கேட்டது சபை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது அவனுக்கு இலை போட்டிருக்கும். டீயை விட்ட முதல் வாரம் தலைவலியில் துடித்தான், ஆனால் விட்டுவிட்டான். நானோ வெந்நீரைக் கொட்டிவிட்டு கம்ப்ரஸர் ரூமுக்கு நழுவுகிற ஆசாமி. அவனுக்கு அது தெரியும். ஒருநாள், "ஏல, வாயைக் கழுவிட்டு வா, மணக்கு" என்றான். அவ்வளவுதான்.

படம் எடுக்கலாம் என்றதும் அவன்தான். கதை இது. ஒரகடத்தில் விற்காத மனைப்பிரிவு ஒன்றில் ராக்கெட் இறங்குகிறது. உள்ளேயிருந்து ஒரு வேற்றுக்கிரகவாசி வருகிறான். அந்த வழியாக வந்த சபைப் பிரதர்கள் இரண்டு பேர் பயப்படவில்லை, போலீசுக்குச் சொல்லவில்லை, விண்ணப்பப் படிவத்தை எடுக்கிறார்கள். தகப்பனார் பெயர் என்ன? மாமிசம் எத்தனை நாளைக்கு ஒருமுறை? சபைத் தலைவர் வந்து, இனி டீயைத் தொடமாட்டேன் என்று அவனைப் பொருத்தனை பண்ணவைக்கிறார். அதற்குப் பிறகுதான் அவன் தயங்கித் தயங்கிச் சொல்கிறான், ராக்கெட் ஓடுவதே டீ டிகாஷனில் என்று. பொருத்தனை பண்ணினால் பண்ணினதுதான். பாவம், ஒரகடத்திலேயே தங்கி இரண்டாம் உதவிச் செயலாளர் ஆகிவிடுகிறான்.

வேற்றுக்கிரகவாசி ஜெபசிங். பெயிண்ட் ஷாப்பில் போடுகிற வெள்ளை அங்கி, கண்ணாடி, அதற்கு மேல் டை. சபைத் தலைவர் நான், தலையிலும் முகத்திலும் பவுடர் அப்பிக்கொண்டு. பிரதர்கள், சபையில் இல்லாத எங்கள் ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு பேர். ராக்கெட் ஒரு பழைய தண்ணீர் டேங்க், பிரியாணி மடிக்கிற வெள்ளித்தாளைச் சுற்றியது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்த காலைகளில், எல்லைக்கல் மட்டும் முளைத்திருந்த அந்தப் பொட்டல்தான் சந்திர மண்டலம். சைட் பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டு காரைத் திருப்பிக்கொண்டு போனது.

"நம்ம சபைய நாமளே இப்படிக் கிண்டலடிக்கலாமாடா?" என்று ஒருமுறை கேட்டேன். பக்தியால் இல்லை, பயத்தால்.

"நம்ம வீட்டை நாமதாம்ல கேலி பண்ணணும். வெளியாளு பண்ணுனா வலிக்கும்லா" என்றான்.

அவன் கேலியில் பாசம் இருந்தது. என்னுடையதில் வெறும் இளக்காரம். படத்தில் நன்றாயிருப்பதெல்லாம் அவன் எழுதியது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

படம் துண்டு துண்டாக வாட்ஸப்பில் கிளம்பி, பத்தே நாளில் பிளைவுட் கடை மாடிக்கு வந்துவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் உபவாசமிருந்து சாட்சி சொல்லும் நாள். தலைவர் எழுந்தார். ஏதோ ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர், சிரிக்காத முகம். "நம்ம சபைய வெச்சு ஒரு படம் சுத்திக்கினு இருக்கு. எடுத்தவங்க யாரானாலும் என்னை வந்து பாக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பவுடர் புண்ணியத்தில் என்னை யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்கவில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வெறும் வயிறு, பயம், அதோடு அந்த உப்புப் பெறாத உதவிச் செயலாளர் பதவி. எழுந்துவிட்டேன். படம் எடுத்தது ஜெபசிங், என்னை இழுத்துவிட்டான், சபையை அவமானப்படுத்துவான் என்று தெரியாது என்று சாட்சி சொன்னேன். அழவும் செய்தேன். அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அவன் இரண்டாவது வரிசையில் இருந்தான். என் டீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் சாட்சி சந்தி சிரித்திருக்கும். "ஆமா, நாந்தான் எடுத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏன் பிரதர் அழுதீங்க? அந்தப் படிவம் நிரப்புற எடத்துல நானே சிரிச்சிட்டேன். கிறிஸ்துமஸ் நாடகத்த அவங்ககிட்ட குடுக்கலாம்னுதான் வரச்சொன்னேன். நாளைக்கே அவரு ரூமுக்குப் போயி கூட்டிக்கினு வாங்க."

போனேன், வழக்கப்படி இன்னொரு பிரதரோடு, டை கட்டிக்கொண்டு. ஈரத்துண்டோடு கதவைத் திறந்தவர், "ஜெபசிங்கா? நேத்தே பெட்டியத் தூக்கிக்கினு பூட்டாரே" என்றார். போன் எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணும் இல்லாமல் போயிற்று.

கேன்டீனில் என் குரலைக் கேட்ட அன்று சாயங்காலம், மறைமலை நகர் போகும் கம்பெனி பஸ்ஸில் அந்தப் படத்தை யூடியூபில் தேடி எடுத்தேன். எங்கள் இரண்டு பேரிடம்தான் முழுப் படமும் இருந்தது, என்னுடையதை அந்த ஞாயிற்றுக்கிழமையே அழித்துவிட்டேன். ஆகவே ஏற்றியது அவன்தான். தலைவர் வரும் காட்சி வந்தது. குரல் என்னுடையது, கை என்னுடையது. கழுத்துக்கு மேலே, முகத்தை மறைத்து, ஒரு டீ கிளாஸ் படத்தை ஒட்டியிருந்தான். நான் தலையை ஆட்டினால் கிளாஸும் ஆடுகிறது. ஒவ்வொரு காட்சியாக உட்கார்ந்து ஒட்டியிருக்கிறான். கீழே இரண்டு வரி: 'தலைவராக நடித்த நண்பர் இன்னும் சபையில் பொறுப்பில் இருக்கிறார். அவருக்குத் தொந்தரவு வரக் கூடாது என்பதால் முகத்தை மறைத்திருக்கிறேன்.'

நான் சபைக்குப் போவதை நிறுத்தி எட்டு வருஷம் ஆகிறது. பெரிய சண்டை ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வந்தது, சோம்பலும் வந்தது. தலைவர் கோயம்புத்தூர் போய்விட்டார். ரோட்டை அகலப்படுத்தியபோது பிளைவுட் கடையை இடித்துவிட்டார்கள், மாடி இருந்த இடத்தில் வெறும் ஆகாயம். சந்திர மண்டலத்தில் வரிசையாகக் கன்டெய்னர் லாரி நிற்கிறது.

மறுநாள் பையன்கள் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போனைக் காட்டினார்கள். "அந்த டீ கிளாஸ் மூஞ்சிதான் சார் படமே. இன்னா மூளை பாருங்க" என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் என்னைப் பார்த்து, "நீங்க அப்போ இங்கதான சார் இருந்தீங்க, கிளாசுக்குப் பின்னாடி யாருன்னு தெரியுமா?" என்றான்.

"தெரியலப்பா" என்றேன். இந்தத் தடவை காப்பாற்றிக்கொள்ள எனக்கு ஒரு பதவிகூட இல்லை.