சூசை மச்சானின் லேசர் ஆபரேஷன்

போன வாரம் என் மனைவியின் அண்ணன் சூசையிடம் ஒரு உண்மையைச் சொல்லப்போய் அசடு வழிந்து நின்றேன். இரண்டு மாதமாக நெஞ்சை உறுத்திய விஷயம்... சொல்லாமலே இருந்திருக்கலாம்!

கடத்தூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறவர் அவர். ஈஸ்டரை ஒட்டி அவர்கள் கோயிலில் ஏசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள் – பாஸ்கா என்று பெயர். பதினைந்து வருஷமாகச் சீடர் இராயப்பர் வேஷம் அவருக்குத்தான். இந்த வருஷம் மேல்வரிசைப் பல் மொத்தமும் போய், ஒத்திகையில் வசனம் வெறும் காற்றாக வந்தது. பல் செட்டு கட்டாவிட்டால் வேஷம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அன்று முழுக்க மனிதர் சாப்பிடவில்லை.

தர்மபுரியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஈறுக்குள் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, கத்தியால் கீறித் தேய்த்தால்தான் செட்டு உட்காரும் என்றார்.

கத்தி என்றதும் மச்சான் எழுந்துவிட்டார்!

“பத்திரிகையில போட்டிருந்தாங்க டாக்டரம்மா. ஃபாரின்ல தாடை எலும்புலயே பல்லு நடறாங்களாம். ஈறைக் கிழிக்கக் கத்தியே வேணாமாம், லேசர் வெளிச்சமே போதுமாம். எனக்கும் அப்படியே பண்ணிவுடுங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

“அந்த வசதியெல்லாம் இங்க இல்லைங்க. எங்கிட்ட கத்திதான் இருக்கு. மரத்துப்போக ஊசி போடறேன், வலிக்காதுங்க.”

வேஷம் போய்விடுமே என்ற பயம் ஜெயித்தது. உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஈறைக் கீறிய நேரம் பார்த்து... கரண்ட் போய்விட்டது!

டாக்டர் என் கையில் டார்ச்சைத் திணித்தார். “வாய்க்குள்ள அடிங்க சார். ஆடாம புடிங்க.”

ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. எப்படியோ முடிந்தது.

மறுநாள் மச்சான் அறிவித்தார்: “பாத்தீங்களா மாப்ள, டாக்டரம்மா மனசு மாறி லேசர்லயே பண்ணிட்டாங்க! மூடுன கண்ணுக்குள்ள தகதகன்னு வெளிச்சம்!”

ஊரெல்லாம் இதே பேச்சு. பல்வலியோடு பயந்துகொண்டிருந்த மூன்று பேர் அந்த டாக்டரைத் தேடிக் கிளம்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நல்ல மனுஷனின் மானத்தைவிட உண்மை என்ன பெரிசா?

புது செட்டோடு மேடை ஏறினார். வசனம் கணீரென்று கடைசி வரிசை வரை போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியில்தான், அவர் வேஷம் கலைக்கும்போது உளறிவிட்டேன்.

“மச்சான், அன்னிக்கு அது லேசர் இல்லைங்க... டார்ச் லைட்டு.”

ஒட்டுத்தாடியைப் பிய்த்தபடி சிரித்தார். “தெரியுமே! அது ஆடுன ஆட்டத்துக்கு, லேசரா இருந்திருந்தா என் மூக்கே போயிருக்கும்.”

“அப்புறம் ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொன்னீங்க?”

“டார்ச்சுன்னா யாரு புடிச்சதுன்னு கேப்பாங்க. எங்க வூட்டு மாப்ள ரத்தத்தப் பாத்து நடுங்குனாருன்னு நானே சொல்லணுங்களா?”

இரண்டு மாதமாக, நான்தான் அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்!